பனிமூட்டத்துக்குள் ஒரு குடும்பப் படம்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுக் கத்தியிருக்கிறேன். அந்த ஒரு தடவைக்கே தோட்டத்து லொறி வந்துவிட்டது.

மற்ற நாட்களில் என் குரல் பக்கத்து மேசையைக்கூடத் தாண்டாது. கொட்டகலை பஸாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பல வருடமாக வேலை செய்கிறேன். "ரெண்டு இஞ்சி ஆணி இருக்கா?" என்று கேட்பவரிடம் "இருக்கு" என்பேன். அவர் "இல்லையா? சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். (முதலாளி இதைப் பல தடவை பார்த்திருக்கிறார். அதனால்தான் என்னை உள்ளே, பெயின்ட் டின் அடுக்குகிற இடத்தில் போட்டிருக்கிறார்.) பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் கண்டக்டரைக் கூப்பிட வெட்கம். வேறு யாராவது இறங்குகிற இடம்வரை போய், இறங்கித் திரும்ப நடந்து வருவேன். இதனால்தான் எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வரவில்லை என்று என் மனைவி செல்வி எல்லோரிடமும் சொல்கிறாள்.

இப்படிப்பட்ட ஒருவனைப் பெரிய புகைப்படக்காரன் என்று ஊர் நம்பியதற்குக் காரணம் ஒரு கலண்டர்.

ஒரு நாள் கடை லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு தலவாக்கலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். டெவன் நீர்வீழ்ச்சி எதிரே தெரிகிற வளைவில் டிரைவர் தேநீர் குடிக்க நிறுத்தினார். அப்போது கடையிலிருந்து முதலாளி என் போனுக்கு அழைத்தார். பதில் சொல்லத் தைரியம் இல்லாமல் அதை நிறுத்தப் பார்த்து, எதையோ அமுக்கி, எப்படியோ ஒரு படம் விழுந்துவிட்டது. வானம் நீலம், நீர்வீழ்ச்சி வெள்ளை, தேயிலை பச்சை. ஒரு குறை சொல்ல முடியாது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு அடுத்த வருடத்துக் கடை கலண்டரில் போட்டு, கீழே "படம்: நம்ம சுந்தரம்" என்றும் அச்சடித்துவிட்டார். அன்றிலிருந்து நான் போட்டோ மாமா. படம் தானாக விழுந்தது என்ற உண்மையை நான் எல்லோரிடமும் சொல்லத்தான் செய்தேன். யாருக்கும் கேட்கவில்லை.

என் அக்கா டெவன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவர். அவருடைய ஒரே மகள் கௌசி அங்கேயே லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கதவைச் சாத்திப் படுத்தாலும் நீர்வீழ்ச்சியின் இரைச்சல் அந்த வீட்டுக்குள் வரும். கொழும்பில் மாப்பிள்ளை அமைந்து, கல்யாணம் நெருங்கியபோது ஒரு நாள் கௌசி கடைக்கு வந்தாள். பெயின்ட் டின்களுக்கு நடுவே நின்றுகொண்டு சொன்னாள்.

"மாமா, மண்டபத்துல எடுக்கிற போட்டோவெல்லாம் எல்லார் வீட்டுலயும் இருக்கிற மாதிரிதான் இருக்கும். நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தாங்க. பின்னால டெவன் பால்ஸ் தெரியணும். அங்க போய்க் காட்டணும்ல, எங்க வீட்டுல ராப்பகலா கேக்கிற சத்தம் இதுதான்னு."

பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நான் தாய்மாமன். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவது மட்டும் எனக்கு நன்றாக வரும்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நான் பந்தியில் ரசம் ஊற்றினேன். (பேச வேண்டியதில்லை, வாளியைக் காட்டினால் போதும்.) அக்காவோடு ஒன்றாகக் கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லோரும் நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். மணமக்களோடு போட்டோ எடுக்க வரிசையில் நின்றார்கள். அவர்கள் முறை வரும்போது கரண்ட் போய்விட்டது. கரண்ட் வருவதற்குள் அவர்கள் போக வேண்டிய லொறி வந்துவிட்டது. மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுத்தால்தானே அன்றைய வேலை கிடைக்கும்? அப்படியே போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் ராகு காலத்துக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். இரண்டு வேன். மாப்பிள்ளையின் அம்மா நேரம் பார்க்கிறவர்.

"மத்தியானம் நல்ல நேரத்துக்குள்ள மருமக வலது காலை எடுத்து வெக்கணும். அதனால பால்ஸ் கிட்ட ரொம்ப நேரம் நிக்கேலாது. சட்டுப்புட்டுன்னு எடுங்க தம்பி" என்றார்.

சட்டுப்புட்டென்று எடுப்பதற்காக முதலாளி மகனுடைய பெரிய கேமராவை வாங்கி வந்திருந்தேன். கழுத்தில் அது தொங்கியபோது எனக்கே என்மீது ஒரு மரியாதை வந்தது.

வளைவில் வேன் நின்றது. இறங்கிப் பார்த்தேன். டெவன் நீர்வீழ்ச்சி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு பெரிய வெள்ளை வேட்டியைக் காயப்போட்டிருந்தது மாதிரி இருந்தது. மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, ரோட்டுக்குக் கீழே இருக்கிற தேயிலையும் நாலைந்து செடிக்கு அப்பால் இல்லை.

"மாமா, பால்ஸ் எந்தப் பக்கம் இருக்கு?" என்று மாப்பிள்ளை தினேஷ் மரியாதையாகக் கேட்டார்.

"சத்தம் வருதுல்ல, அந்தப் பக்கம்" என்றாள் கௌசி. அவள் முகம் வாடியிருந்தது.

கொஞ்சம் பொறுத்தால் மூட்டம் விலகும், விலகிய அந்தக் கணத்தில் எல்லோரும் தயாராக நின்றால் போதும். என் திட்டம் அவ்வளவுதான். மணமக்களைப் பள்ளத்துப் பக்கம் மதிலோரமாக நிறுத்திவிட்டு, ரோட்டின் இந்தப் பக்கத்தில் இருந்த மண்மேட்டில் ஏறினேன். அங்கிருந்து எடுத்தால் அவர்களும் விழுவார்கள், பின்னால் நீர்வீழ்ச்சியும் விழும். அதற்குள் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். பாதிப் பேர் மதிலுக்குக் கீழே இறங்கிப் போய், தேயிலைக்குள் நின்று தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் வாங்க" என்றேன்.

ஒருவரும் திரும்பவில்லை. இரண்டாவது தடவை சொன்னதற்கு ஒரு நாய் திரும்பியது.

"அவர் என்ன, மந்திரம் சொல்றாரா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏங்க, வாயத் தொறந்துதான் கூப்பிடுங்களேன். இன்னைக்கு ஒரு நாளைக்காவது" என்றாள் செல்வி. சம்பந்தி வீட்டார் முன்னால் அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது.

கௌசி சும்மா என்னைப் பார்த்தாள்.

எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் யாருக்கும் கேட்காமல் போன "இருக்கு"களும், கண்டக்டரைக் கூப்பிடாத கூப்பாடுகளும் மொத்தமாகத் திரண்டு வந்த மாதிரி வந்தது.

"எல்லாரும் மேல வாங்க! கையில இருக்கிறத அப்பிடியே போட்டுட்டு வாங்க! சீக்கிரம்! ஓடியாங்க!"

பனிமூட்டம் கண்ணைத்தான் மறைக்கும். சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போய் மலை முழுக்கக் கொடுக்கும். என் குரல் பள்ளத்தாக்கில் இறங்கி, எங்கேயோ முட்டி, திரும்பி வந்து எனக்கே கேட்டது. கீழே சலசலப்பு. ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் இவ்வளவு ஆட்களா என்று நினைத்தேன். என் மூக்குக் கண்ணாடியில் பனி, கேமராக் கண்ணாடியிலும் பனி. எல்லாம் நிழல் நிழலாகத்தான் தெரிந்தது. எல்லோரும் தலையை மூடியிருந்தார்கள். (கொழும்புக்காரர்களுக்குக் குளிர் தாங்காது.) மூச்சு வாங்க ஏறி வந்து, நான் சொன்னதை அப்படியே செய்தார்கள். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு கீழ்ப்படிதலை நான் பார்த்ததே இல்லை. உற்சாகம் வந்துவிட்டது.

"நெருங்கி நில்லுங்க! முன்னால உள்ளவங்க குனிஞ்சு உக்காருங்க! கைய வீசாதீங்க! அசையாதீங்க! யாரும் அசையக் கூடாது! சத்தம் போடாதீங்க!"

ஒரு இலை அசையவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்து விறைத்து நின்றார்கள்.

"மொகத்த மூடியிருக்கிறத எடுங்க!" என்று கத்தினேன்.

"எடுக்க மாட்டேன்!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "போன தடவ எடுத்துத்தான் மூணு நாளு கண்ணு தெரியாமக் கெடந்தேன்!"

பிளாஷ் வெளிச்சத்தைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்து, பிளாஷை அணைத்துவிட்டு எடுத்துத் தள்ளினேன்.

அப்போதுதான் மூட்டம் கிழிந்தது. எதிர் மலையில் டெவன் நீர்வீழ்ச்சி மேலிருந்து கீழ்வரை அப்படியே தெரிந்தது. யாரோ "அந்தா பால்ஸு!" என்றார்கள். அவ்வளவு நேரம் அசையாமல் நின்ற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் திரும்பி அதைப் பார்த்தார்கள். என் விரல் அமுக்கியது. உடனே பனி வேட்டி மறுபடியும் மூடிவிட்டது.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

மணமக்களைச் சுற்றி நின்றவர்கள் அக்காவோடு கொழுந்து பறிக்கிற பெண்கள். அன்றைக்கு அவர்களுக்கு அந்த ரோட்டுக்குக் கீழேதான் வேலை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்தியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் சிவப்புப் பட்டில் கௌசி. அவள் பக்கத்தில் தினேஷ் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். (ஏன் என்று அவருக்கே தெரியாது. பக்கத்தில் குந்தியிருந்த பெண் செய்தார், அவரும் செய்தார்.) மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி கம்பமாக நின்றார்.

முன்வரிசையில் இருந்த மாரியாயி படங்கை மெல்ல விலக்கினார். முகத்தைத் திறக்க மறுத்தவர் அவர்தான்.

"குளவி எங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

குளவி என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். மரத்தில் இருக்கிற கூடு கலைந்து, கொழுந்து பறிக்கிற இடத்தில் கூட்டமாக இறங்கும். ஆளையே கொன்றுவிடும். மூட்டத்துக்குள் ஒரு ஆண்குரல் "எல்லாத்தையும் போட்டுட்டு மேல ஓடியாங்க" என்று அலறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வந்த பிறகு குனி, அசையாதே, கையை வீசாதே, சத்தம் போடாதே. எல்லாத் தோட்டத்திலும் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. நான் ஒரு வரி விடாமல் ஒப்பித்திருக்கிறேன்.

மாரியாயி என்னை உற்றுப் பார்த்தார்.

"இது நேத்து பந்தியில ரசம் ஊத்துனவருல்ல?"

"எந் தம்பிதான்" என்றார் அக்கா. வேறு வழியில்லாமல் சொன்ன மாதிரி இருந்தது.

அதற்குள் கீழேயிருந்து, அந்தப் பெண்களை வேலை வாங்குகிற கங்காணி ஓடி வந்தார். குளவியை விரட்ட, புகைகிற சாக்கு ஒன்று கையில். தூரத்தில் தோட்டத்து லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவது கேட்டது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போக யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"யாரு கத்துனது? எத்தன பேருக்குக் கொட்டிருச்சு?"

எல்லாக் கையும் மண்மேட்டை நோக்கி நீண்டது. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிப்போய், இருந்த கொஞ்சக் குரலும் போயிருந்தது. செல்விதான் சொன்னாள்.

"குளவி இல்லீங்க. அவரு... போட்டோ எடுக்கக் கூப்பிட்டாருங்க."

"போட்டோவா?"

கங்காணி புகைகிற சாக்கைக் கீழே வைத்தார். கேமராவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி அந்த வெள்ளையைப் பார்த்தார்.

"பால்ஸ் எங்கய்யா?" என்றார்.

அன்றைக்குக் கேட்ட எல்லாவற்றிலும் அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

லொறியைத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பெண்கள் பயந்து ஓடி வந்ததில் கொழுந்துப் பைகள் சரிவில் உருண்டு, காலையிலிருந்து பறித்ததெல்லாம் செடிக்கு அடியில் சேற்றில் கொட்டிக் கிடந்தது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல கண்டாக்கையா நிறுக்க வந்துருவாரு" என்றார் கங்காணி. "நிறை கொறஞ்சா அரப்பேருதான். என்னால ஒண்ணும் பண்ண ஏலாது."

கண்டாக்கையா கங்காணிக்கு மேலதிகாரி. அரைப்பேர் என்றால் பாதிநாள் சம்பளம். பெண்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. "நேத்தும் போட்டோ இல்ல, இன்னைக்குப் பேரும் இல்ல" என்று ஒருவர் சொன்னார்.

"பொண்ண ஏத்துங்க, நேரமாகுது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அக்கா அசையவில்லை. "எம் புள்ள புகுந்த வீட்டுக்குப் போற அன்னைக்கு இத்தன பேரு வயிறு எரியணுமா? அந்த எரிச்சலோட நான் எப்பிடி அவள அனுப்புவேன்?" என்றார். மாரியாயியிடமிருந்து படங்கை வாங்கினார். பட்டுச் சேலைக்கு மேலே இறுக்கிக் கட்டினார். மதிலைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டார்.

செல்வி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னால் போனாள். அத்தைகள், சித்திகள், மாமாக்கள் என்று எங்கள் பக்கத்தில் தோட்டத்தில் பிறந்த அத்தனை பேரும் வேட்டியையும் சேலையையும் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். கௌசியும் இறங்கினாள்.

"புதுப்பொண்ணு காட்டுல எறங்கலாமாடி?" என்று மாரியாயி தடுத்தார்.

"நேத்துத்தான் புதுப்பொண்ணு. இன்னைக்குத் திங்கக்கெழம" என்று சொல்லிவிட்டு அவள் பறிக்கத் தொடங்கிவிட்டாள்.

பெண்டாட்டி போன பிறகு தினேஷ் மட்டும் ரோட்டில் நிற்க முடியுமா? அவரும் போனார். கொஞ்ச நேரத்தில் கங்காணியின் குரல் கேட்டது.

"தம்பி, ரெண்டு எல, ஒரு மொட்டு. நீங்க மரத்தையே புடுங்குறீங்க. பேசாம அந்தப் பையப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க."

மேலே மிச்சமிருந்தது மாப்பிள்ளை வீட்டாரும் நானும்தான். மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் நின்றார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், கீழே மூட்டத்துக்குள் சிவப்பாகத் தெரிந்த மருமகளைப் பார்த்தார். போனை எடுத்து, முன்னாலேயே கொழும்புக்குப் போயிருந்த கணவரைக் கூப்பிட்டார்.

"ஐயர்கிட்டக் கேளுங்க, அந்திக்கு நல்ல நேரம் ஏதும் இருக்கான்னு... ஏனா? பொண்ணு இங்க கொழுந்து பறிக்குது... ஓம், பட்டுச் சேலையோடதான்... உங்க மகனா? அவன் பை பிடிக்கிறான்."

பிறகு என் பக்கம் திரும்பி, "இத்தன பொம்பளைங்களோட பொல்லாப்ப ஏத்திக்கிட்டு வேன்ல போகேலாது தம்பி. நல்ல நேரம் நாளைக்கும் வரும்" என்றார். வழியில் சாப்பிடக் கட்டி வைத்திருந்த லட்டுப் பெட்டிகளை வேனிலிருந்து இறக்கச் சொன்னார்.

நானும் பறிக்க இறங்கினேன். கங்காணி கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க சொமந்தா போதும். வாயத் தொறக்காதீங்க." நிரம்பிய பைகளை நிறுக்கிற இடத்துக்கு நான்தான் சுமந்தேன். கழுத்தில் கேமரா ஆடிக்கொண்டே இருந்தது. காலையில் வந்த மரியாதை அதற்குள் போய்விட்டது.

கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் வந்தார். நிறை சரியாகவே இருந்தது. ஒரு பையில் மட்டும் கையை விட்டு, முற்றல் இலையும் குச்சியுமாக ஒரு பிடி எடுத்துக் காட்டினார்.

"யாரு பறிச்சது இது?"

கங்காணி தினேஷைப் பார்க்கவே இல்லை. "மூட்டத்துக்குள்ள தெரியலைங்கய்யா" என்றார்.

எல்லோருக்கும் முழுப்பேர் விழுந்தது. லட்டு தின்றார்கள். கௌசி கையைக் கழுவிவிட்டு வேனில் ஏறப் போனவள், திரும்பி என்னிடம் வந்தாள்.

"மாமா, போட்டோ?"

கேமராவைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வெள்ளை, சாக்கு, வெள்ளை, சாக்கு. கடைசிப் படம் வந்தது. நீர்வீழ்ச்சி முழுசாக, கலண்டரில் இருந்ததைவிட அழகாக விழுந்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு முகம்கூட இல்லை. எல்லாம் முதுகு. படங்கு போர்த்திய முதுகுகள், அக்காவின் முதுகு, பூ வைத்த ஒரு சடை, தலையில் கை வைத்திருக்கும் மாப்பிள்ளை, ஒரு கைப்பை.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

"ஒருத்தர் மொகமும் இல்லையேடி" என்றார் அக்கா, எட்டிப் பார்த்து.

கௌசி படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மொகம் எதுக்கும்மா? ஒவ்வொரு நாளும் விடியக்காலம் நீங்க எல்லாம் பெரட்டுக்குப் போறத வாசல்ல நின்னு பாத்தவதான நான்?" என்றாள். விரலை வைத்து இடது பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே போனாள். "இது மாரியாயி பெரியம்மா. இது நீங்க. இது லெச்சுமி சித்தி, ஒரு பக்கம் சாஞ்சு நிக்கிது பாருங்க..." ஒன்றுகூடப் பிசகவில்லை. பெண்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் எக்கி, தங்கள் முதுகைத் தாங்களே முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

"நான் இம்புட்டுக் குண்டாவா இருக்கேன்?" என்று மட்டும் மாரியாயி கேட்டார்.

அந்தப் படம் இப்போது கொழும்பு வீட்டு ஹோல் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் மாப்பிள்ளையின் அம்மா, "அந்தக் கைப்பை நான்தான்" என்று காட்டுகிறாராம். முதலாளியும் விடவில்லை. இந்த வருடக் கடை கலண்டரில் போட்டுவிட்டார். "ஏன் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறாங்க?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். நான் விளக்கமாகத்தான் சொல்கிறேன். "சரி, அப்ப ஆணி இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

வீட்டில் நான் இலேசாகக் குரல் உயர்த்தினாலும் போதும், செல்வி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குந்திவிடுவாள்.

போன மாதம் கங்காணி கடைக்கு வந்திருந்தார். பூட்டு வாங்க வந்தவர், என்னைக் கண்டதும் பெயின்ட் டின் பக்கம் வந்துவிட்டார்.

"ஒங்களால எம் பேச்சுக்கு மரியாத இல்லாமப் போச்சுங்க. நிறுக்கிறதுக்கு மேல வாங்கன்னு கூப்பிட்டா, மூட்டத்துக்குள்ள இருந்து 'குளவியா, போட்டோவா?'ன்னு கேக்குறாளுக. நிறுவைன்னு சொன்னா ஆடி அசைஞ்சு வாறாளுக. அன்னைக்கு ஒரு நாள் கோவத்துல போட்டோன்னு சொல்லிப்புட்டேன். தலையச் சீவிக்கிட்டு வந்து வரிசையா நிக்கிறாளுக. என்கிட்ட ஏதுங்க கேமரா?"

எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "மன்னிச்சிக்கிடுங்க கங்காணி" என்றேன்.

அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"ஆ? என்ன சொன்னீங்க?"